மீந்ததை உண்ட வயிறு

எடை குறைப்பு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் ஒரு கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது: “மனசளவுல தயாரா இருக்கீங்களா?” சில இடங்களில் அறுவை மருத்துவரே கேட்கிறார், சில இடங்களில் அதற்கென்றே ஓர் உளவியலாளர் இருக்கிறார், சில இடங்களில் டயட்டீஷியன் கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டு முடித்துவிடுகிறார். பித்தப்பையை எடுக்கப் போகிறவரிடம் இதை யாரும் கேட்பதில்லை. கேட்பது தவறு என்று சொல்ல மாட்டேன். அதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் என் அக்காவுக்குத் துணையாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது கேள்வி அவளை நோக்கி மட்டுமே போனது. “தயார்தான் டாக்டர்” என்றாள். சொல்லிவிட்டு அத்தான் பக்கம் திரும்பினாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குத் தயார் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வலிக்கா, பசிக்கா, இல்லை பசி என்ற ஒன்றே சில மாதங்களுக்கு இல்லாமல் போவதற்கா? ஒரு மனிதரின் மனம் மட்டும் தனியாகத் தயாராகிவிடக் கூடிய காரியம்தானா இது? அன்றிலிருந்து இந்தச் சந்தேகம் என்னை விடவில்லை.

உடம்பைத் தயார் செய்வதில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, கேட்டால் சொல்லவும் செய்கிறார்கள். ஈரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கிறது. வயிற்றில் போட்ட சிறு துளை வழியே கருவியை நுழைத்து ஈரலைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் மேல்முனை கேமராவுக்குத் தெரியும். கொழுப்பேறிய ஈரல் கனக்கும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியக்கூடும். அதனால்தான் அறுவைக்கு முன் இரண்டு வாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 கலோரி அளவில், மாவுச்சத்து குறைந்து புரதம் கூடிய திரவ உணவு. முதலில் ஈரலில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பும் அதோடு ஒட்டிய தண்ணீரும் கரைகின்றன, பிறகு கொழுப்பு. ஈரல் சுருங்கி இளகுகிறது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இந்த நாட்களில் மருத்துவர் அளவைக் குறைத்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். வருடக்கணக்காக வீட்டில் எல்லோரும் கேலி செய்த குறட்டை தூக்கப் பரிசோதனையில் மூச்சுத் தடை என்று தெரிந்தால் இரவில் முகத்தில் சி-பாப் முகமூடி ஏறும். எண்டோஸ்கோப்பியில் ஹெலிகோபாக்டர் கிருமி தென்பட்டால் முதலில் அதற்கு மருந்து. புகைப்பவர் நிறுத்தியாக வேண்டும். பிறகு அந்த மூன்று பந்துக் கருவி. மயக்கம் தெளிந்தபின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்ளாமல் இருக்க, மூச்சை ஆழ இழுத்துப் பழகுவதற்கு. அக்கா சோபாவின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்து குழாயை உதட்டில் கவ்வி இழுப்பாள். முதல் பந்து சட்டென்று ஏறும். இரண்டாவது பாதியில் நின்று நடுங்கும். மூன்றாவது கிடந்த இடத்திலேயே கிடக்கும். சில நாள் கழித்து இரண்டாவதும் மேலே போய் நின்றது. அப்போது அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எந்த எடை மெஷினின் மேலும் நான் பார்த்ததில்லை. தன் உடம்பு ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இவ்வளவு தெளிவான காரணங்கள் இருந்தும் அந்த இரண்டு வாரம் வீட்டில் வேறொன்றாக மாறிவிட்டது. “விரதம்னு நெனச்சுக்கோ, ஓடிப்போயிடும்” என்றாள் அம்மா. அன்போடு சொன்னதுதான். ஆனால் விரதத்தில் பசித்திருப்பவருக்கு ஒரு மரியாதை இருக்கிறது. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பவரை யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. முடிந்ததும் அவருக்கு இலை போட்டுப் பரிமாறுவார்கள். அக்காவின் ஷேக்கரில் புரோட்டீன் பவுடர் கட்டிதட்டிக் குலுங்குவதை, அதிலிருந்து எழும் வெனிலா வாசத்தை, வந்து போன உறவினர்கள் அப்படிப் பார்க்கவில்லை. “இத்தனை வருஷம் வாயைக் கட்டியிருந்தா இது தேவைப்பட்டிருக்குமா” என்று ஒருவர் அவள் எதிரிலேயே சொன்னார். ஈரலைச் சுருக்குவதற்கான ஓர் ஏற்பாடு, செய்த தப்புக்குக் கட்டும் அபராதமாக ஆகிவிட்டது. காகிதங்களும் அதையே சொல்கின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிப்படி பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். 35 என்றால் கூடவே கடுமையான மூச்சுத் தடையோ, கட்டுப்படாத சர்க்கரையோ, இதய நோயோ இருந்து, எடை குறைக்கும் எளிய வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். பலிக்கவில்லை என்பதற்குத் தாள் கேட்கிறார்கள். அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். பாதியில் விட்ட ஜிம்மின் ரசீது, மூன்று வெவ்வேறு டயட் சீட்டுகள், தைராய்டு ரிப்போர்ட்டுகள், நடைப்பயிற்சிக்கு வாங்கிய காலணியின் பில் கூட இருந்தது. தோற்றதற்கெல்லாம் ஆதாரம் திரட்டி, தேதி வாரியாக அடுக்கிக் கொடுத்தாள். மருத்துவ உலகின் கோடு இதற்குள் நகர்ந்துவிட்டது. 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் சொன்ன 40, 35 என்ற எல்லைகளை 2022இல் சர்வதேச அறுவை மருத்துவச் சங்கங்கள் தளர்த்தின. 35 இருந்தால் வேறு நோய் தேவையில்லை, ஆசியர்களுக்கு 27.5இலேயே பரிசீலிக்கலாம் என்றன. குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். காப்பீட்டுத் தாள் மட்டும் பழைய கோட்டில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் தோற்றுவிட்டு வா என்கிறது.

பருமனானவர்கள் நாக்கைக் கட்டத் தெரியாதவர்கள் என்ற பழியை நான் நம்புவதில்லை. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வை இதோடு சேர்த்தே யோசிக்கிறேன். போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள், உடலும் மனமும் திடமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், ஆறு மாதம் அரைப்பட்டினி இருந்தார்கள். எடையில் ஏறத்தாழ கால்வாசி போயிற்று. பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆனது. சமையலில் ஒரு நாளும் அக்கறை காட்டாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகு வயிறு முட்டத் தின்றும் சிலருக்குப் பசி அடங்கவில்லை. அவர்கள் பருமனானவர்கள் இல்லை. ஆனால் இழந்த எடையை மீட்க உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்: பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும், நினைப்பு முழுவதையும் சோற்றின் பக்கம் திருப்பும். பத்து கிலோ குறைத்துப் பன்னிரண்டு கிலோ ஏறியவர்கள் இந்த எதிர்ப்பைத் தன்னந்தனியாக நின்று சந்தித்தவர்கள். அந்தப் பிளாஸ்டிக் பையில் இருந்ததைத் தோல்வி என்று நானே மேலே எழுதிவிட்டேன்; அது அந்தப் படிவத்தின் சொல், என்னுடையது இல்லை.

தமிழில் இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற பசி நோய். எவ்வளவு உண்டாலும் அடங்காது. காவியம் அதை நோய் என்றே சொல்கிறது, பேராசை என்று சொல்லவில்லை. ஆனால் நோய்க்குக் காரணமாக ஒரு சாபத்தை வைக்கிறது: முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட்டாள். நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அவள் மேல் ஒரு குற்றத்தைச் சுமத்தாமல் கதைக்கு நிம்மதி இல்லை. இன்றும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி சோறு இட்டதும் அவள் பசி தணிகிறது. நம் காலத்தில் அது வேறு விதமாகத் தணிகிறது. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால்வாசிக்கும் மேலான பகுதியை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். போன பகுதி திரும்பாது. அதோடு சேர்ந்து போகும் மேல்வளைவில்தான் பசியைத் தூண்டும் க்ரெலின் அதிகம் சுரக்கிறது. கோஜிமா, கங்காவா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தது 1999இல்தான். அந்த இடம் போனபின் பலருக்கும் மாதக்கணக்கில் பசி தெரிவதில்லை. ஏற்கனவே அறுவை செய்துகொண்ட ஒரு பெண்மணி காத்திருக்கும் இடத்தில் அக்காவிடம், “சாப்பிடணும்னு அலாரம் வச்சிருக்கேன் தங்கச்சி” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். சற்று நேரம் கழித்து, “சோறு வேகுற வாசனைக்குக் கூட ஒண்ணும் தோணல” என்றார். காயசண்டிகை கதையின் மீதிப் பகுதி பலருக்கு நினைவிருப்பதில்லை. பசி தீர்ந்து வான்வழியே ஊர் திரும்புகிறவள் விந்தமலையில் விந்தாகடிகையின் வயிற்றுக்குள் போய்விடுகிறாள். கணவனிடம் சேரவே இல்லை. இதை நான் உவமையாக நீட்ட விரும்பவில்லை. பசி போன பிறகும் போக வேண்டிய வழி இருக்கிறது என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வழிக்காகத்தான் மனத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். சில மாதங்களில் முடி கொட்டும். வைட்டமின் மாத்திரைகள் ஆயுசுக்கும் தொடரும்; பி12, இரும்புச்சத்து குறைகிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டில் ஆறுதல் தேடியவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். சிலர் வேறு கதவைத் தட்டுகிறார்கள். இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு மது வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து குடிப் பிரச்சினை கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதெல்லாம் தெரிந்த மருத்துவர் பேசாமல் கத்தியை எடுத்தால்தான் தவறு. “இப்பதான் ஊசி வந்துடுச்சே, எதுக்கு வயித்த வெட்டணும்” என்று 2025இல் எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசி இங்கே விற்பனைக்கு வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். ஊசியும் பசியைத்தான் குறைக்கிறது. நிறுத்தினால் பசி திரும்புகிறது. எதைத் தேர்ந்தாலும் அந்த வழியை நடந்தே தீர வேண்டும்.

மனத்துக்கான தயாரிப்பில் எனக்கு உண்மையாகப் பயனுள்ளதாகத் தெரிந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. டயட்டீஷியன் எழுதி வரச் சொன்னது. பக்கத்துக்கு நான்கு கட்டம்: நேரம், என்ன, எவ்வளவு, ஏன். முதல் மூன்றும் ஒழுங்காக நிரம்பின. ‘ஏன்’ காலியாகவே இருந்தது. பசிக்குத்தானே சாப்பிடுகிறோம், இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தாளாம். பிறகு ஒரு பக்கத்தில் எழுத்து ஆரம்பிக்கிறது. காலை 9.40, பாதி இட்லியும் ஒரு தோசை விளிம்பும்: ‘மீந்தது.’ பகல் 3.15, ஒரு கரண்டி சாதம், மீன் குழம்பின் அடி: ‘மீந்தது.’ இரவு 10.20, சின்னவன் வைத்துவிட்டுப் போன சப்பாத்தி: ‘வீணாப் போகும்.’ பக்கம் பக்கமாக இதுவே. கவலை, கோபம், அலுப்பு, தனிமை என்று உளவியலாளர் கொடுத்த அச்சுத்தாளில் டிக் செய்வதற்குச் சொற்கள் இருந்தன. மீந்தது என்ற சொல் இல்லை. அந்தத் தாளை எழுதியவர்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் பெண்ணை நினைத்து எழுதவில்லை. கால் கரண்டிக் குழம்பை எடுத்து வைக்க ஒரு கிண்ணம் அழுக்காக வேண்டுமா என்று யோசித்து, அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொள்ளும் பெண் அவர்கள் கணக்கில் இல்லை. அக்காவின் வயிறு அந்த வீட்டின் கடைசிப் பாத்திரமாக இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அவள் உண்டதில் எவ்வளவு அவளுடைய பசி, எவ்வளவு அந்த வீட்டின் கணக்குப் பிசகு என்று அந்த நோட்டைப் படித்த யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டயட்டீஷியன் வெகுநேரம் அதைப் புரட்டினார். அவரும் திருமணமானவர். ஒன்றும் சொல்லாமல் ‘மீந்தது’ என்று இருந்த இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டார்.

அறுவைக்குப் பின் வரப்போகும் பழக்கங்களை முன்பே பழகிக்கொள்ளச் சொல்கிறார்கள். கேட்க எளிமையானவை. மெதுவாக மெல்லவும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். முன்னும் பின்னும் அரை மணி நேரம் இடைவெளி. முதலில் புரதம், கடைசியில் சாதம். ஆனால் நம் சாப்பாடு நடப்பதே ஈரத்தில்தான். இலை விரித்ததும் வருவது தண்ணீர். பிறகு குழம்பு, ரசம், மோர் என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட இளகிக்கொண்டே போய், முடிவில் கையால் வழித்துக் குடிக்கிறோம். சிறுத்துப்போன இரைப்பையில் திரவமும் திடமும் சேர்ந்தால் ஒன்று நெஞ்சடைக்கும், இல்லை உணவு சீக்கிரம் இறங்கிப்போய் வயிறு நிறைந்த உணர்வே வராது என்பது அவர்கள் சொல்லும் காரணம். சரியான காரணம். ஆனாலும் டம்ளரை எடுத்துத் தூர வைத்த பிறகும் அக்காவின் இடது கை அந்த இடத்துக்குப் போய்த் திரும்பியது. ரசம் இல்லாமல் எழுந்தால் சாப்பிட்டு முடித்ததாகவே தோன்றவில்லை என்றாள். கை கழுவிவிட்டு வந்தும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி மேசையருகே நின்றாள். மெல்லுவதில் மட்டும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு விள்ளல் இட்லியை, சட்னி தொடாமல், கூழாகும்வரை மென்றாள். அம்மா, “என்னடி மாடு அசை போடுற மாதிரி” என்று அதட்டினாள். அக்கா கண்ணை மூடியிருந்தாள். “நல்லா மென்னா இட்லி இனிக்குதுடா தம்பி” என்றாள். உமிழ்நீரில் மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, அதுதான் இனிப்பு. ஆயிரக்கணக்கான இட்லிகளை அவித்து எடுத்தவள் அதன் ருசியை நின்று கவனிக்க அவளுக்கு மருத்துவ உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. இது எனக்குச் சந்தோஷம் தருகிறதா, துக்கம் தருகிறதா என்று இப்போதும் தெரியவில்லை.

திரவ உணவு தொடங்கும் முன் எல்லோரும் விருந்துக்கு அழைத்தார்கள். பெரியப்பா வீட்டில் பிரியாணி, சித்தி வீட்டில் நாட்டுக்கோழி, அம்மா தன் பங்குக்குக் கருப்பட்டிப் பணியாரம். “இனிமே எங்க சாப்பிடப் போற” என்பதுதான் அழைப்பே. அறுவைக்கு முன் இப்படி ஆசை தீரத் தின்பது எல்லா ஊரிலும் நடக்கிறது; மருத்துவர்களுக்கு அது பெரிய தலைவலி, ஏனென்றால் சுருங்க வேண்டிய ஈரல் அந்த வாரத்தில்தான் இன்னும் கொழுக்கிறது. ஆனால் அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடுகளில் உன்மேல் பிரியமாக இருக்கிறேன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. இன்னொரு கரண்டி போடுகிறார்கள். வேண்டாம் என்று கையை மறைத்தால் விரலிடுக்கு வழியாகப் போடுகிறார்கள். அக்கா இனி வேண்டாம் என்று சொல்லும்போது அது உபசாரமாக இருக்காது, உண்மையாகவே வேண்டாம் என்றிருக்கும். அம்மா தன் பிரியத்தை எந்த வழியில் காட்டுவாள்? இதற்கு அம்மாவை யார் தயார் செய்தார்கள்? மகள் மெலிந்து, முகம் வற்றி, முடி கொட்டி நிற்கும்போது அதை நோயென்று பயந்து ஊட்ட வருவாள். வாந்தி எடுத்தால் அடுத்த வேளை சமையலை மாற்றுவாள். அறுவையின் அபாயங்களைப் பட்டியலிட்டு அக்காவிடம் கையெழுத்து வாங்கிய தாளில் இவற்றில் ஒன்றும் இல்லை.

கடைசிச் சந்திப்புக்கு டயட்டீஷியன் வீட்டில் சமைப்பவர்களும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். அம்மாவும் அத்தானும் போனார்கள். பென்சில் வட்டங்கள் போட்ட அந்த நோட்டை அவர்கள் முன்னால் விரித்து வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி போடுகிறீர்கள் என்று கேட்டார். அத்தானுக்குத் தெரியவில்லை. அம்மா சொன்ன கணக்கு ஐந்து பேர் வீட்டுக்கு ஏழு பேர் சாப்பாடாக இருந்தது. இத்தனை சந்திப்புகளில் கேட்கப்பட்டவற்றிலேயே மிகச் சரியான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எல்லா மருத்துவமனைகளிலும், முதல் நாளே, இதைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அத்தான் ஆழாக்கை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டார். இனி அளந்துதான் வடிக்க வேண்டும் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பானையைத் துடைத்துக் கவிழ்க்கக் கூடாது, ஒரு பிடி சோறாவது கிடக்க வேண்டும், திடீரென்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வாய், அளந்து வடித்தால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அத்தானுக்குப் பதில் தெரியவில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்தாள். “ஒரு பிடி வச்சுக்கம்மா, வேணாம்னு சொல்லல. காலைல அதை நான் எடுத்துச் சாப்பிட மாட்டேன்” என்றாள். “அப்ப யாரு சாப்பிடுறது?” என்று அம்மா கேட்டாள். இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அறுவை தை பிறந்த பிறகு.